கோத்தகிரியில் ஒரு கணினித் தொலைநோக்கி: திருப்பி அனுப்புவதற்கு முன்

வந்த கேள்வி இது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு தம்பி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக, கேட்ட வான்பொருளை மோட்டாரால் தானே தேடிக் காட்டும் கணினித் தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். 130 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம், ஒற்றைக் கை தாங்கி, ரிமோட், எட்டுப் பென்சில் செல். "மூன்று விண்மீன்களைக் காட்டினாலும் அலைன்மென்ட் (கருவியை வானத்தோடு பொருத்துவது) தோல்வி என்றே வருகிறது. சில நாள் வெற்றி என்று வந்தாலும் வியாழனைக் கேட்டால் பக்கத்திலிருக்கும் கற்பூர மரத்தைப் பார்த்து நிற்கிறது. அரை மணி நேரத்தில் ரிமோட் தானாக அணைந்து எரிகிறது. படமும் கலங்கலாக இருக்கிறது. மோட்டார் போய்விட்டதா? திருப்பி அனுப்பிவிடலாமா?"

தம்பி, அனுப்ப வேண்டாம். நீங்கள் சொன்ன எதிலும் மோட்டார் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. நேரம், இடம், விண்மீன், மின்சாரம் என்ற நான்கில் ஒன்றோ இரண்டோ தவறியிருக்கிறது. நான் ஊட்டிப் பக்கம் இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே அளவுத் தொலைநோக்கியில் வானம் காட்டி வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் எங்கள் வாசலிலும் நடந்ததுதான்.

முதலில் இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ரிமோட்டுக்குள் ஆயிரக்கணக்கான வான்பொருள்களின் இடம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. தான் கோத்தகிரியில் நிற்கிறதா கொழும்பில் நிற்கிறதா, குழாய் வடக்கே பார்க்கிறதா தெற்கே பார்க்கிறதா, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இரண்டு மோட்டாரும் எத்தனை சுற்றுச் சுற்றின என்பது மட்டும். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ரேடியோ தொலைநோக்கி, 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். அங்கே மலையே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டது. உங்கள் தாங்கிக்கு அந்த வசதி இல்லை. அது மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே நகரும். சாய்வாகப் போகும் விண்மீனைப் பிடிக்க இரண்டு மோட்டாரும் வெவ்வேறு வேகத்தில் ஓயாமல் ஓட வேண்டும். அந்த வேகத்தை ரிமோட் கணக்கிடுகிறது. கணக்குக்குக் கொடுத்த எண் தப்பு என்றால் விடையும் தப்பாகத்தான் வரும்.

சரி, எண்களுக்கு வருவோம். பெரும்பாலான ரிமோட்டுகள் தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கேட்கும். நாம் பழக்கத்தில் நாளை முதலில் போட்டுவிடுவோம். பிப்ரவரி 5 என்பதற்கு 05/02 என்று அடித்தால் அது மே 2 என்று எடுத்துக்கொள்ளும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் வானம் நகர்வதால், அதன் கணக்கில் வானம் 85 டிகிரி தள்ளிப் போயிருக்கும். வியாழனுக்குப் பதில் கற்பூர மரம் வருவதற்கு இதுவே போதும். அடுத்தது நேர மண்டலம். நமக்கு +5:30. பட்டியலில் அரை மணி மண்டலம் இல்லாத ரிமோட்டாக இருந்தால், +5 என்று தேர்ந்தெடுத்துவிட்டுக் கடிகாரத்தில் இருப்பதைவிட அரை மணி குறைத்து நேரம் போடுங்கள். எட்டு மணி என்றால் ஏழரை. இரண்டும் கணக்கில் ஒன்றுதான். இதைச் செய்யாமல் விட்டால் ஏழரை டிகிரி பிழை. உங்கள் 25 மி.மீ. ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், தெரியும் வானத்தின் அகலமே இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவுதான் என்பதால், தேடிய பொருள் கண்ணிலேயே படாது. கோடை நேரமா (டேலைட் சேவிங்) என்று கேட்டால் எப்போதும் இல்லை என்றே சொல்லுங்கள். அதைத் தெரியாமல் மாற்றிவிட்டால் ஒரு மணி நேரம், அதாவது 15 டிகிரி, போய்விடும்.

இடத்தில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கோத்தகிரிக்கு 11 டிகிரி 26 நிமிடம் வடக்கு, 76 டிகிரி 53 நிமிடம் கிழக்கு என்று போட்டால் போதும். கைபேசி வரைபடம் 11.43 என்று தசமத்தில் காட்டும். அதை 11 டிகிரி 43 நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள், 0.43-ஐ 60-ஆல் பெருக்கினால்தான் நிமிடம் கிடைக்கும். ஆனால் அதில் தவறினாலும் கால் டிகிரிதான் பிழை, பெரிய நஷ்டம் இல்லை. பெரிய நஷ்டம் கிழக்கு, மேற்கில் இருக்கிறது. தீர்க்கரேகையில் மேற்கு என்று கிடந்தால் உங்கள் தொலைநோக்கி கரீபியன் கடலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

இப்போது அலைன்மென்ட். மூன்று பொருள் காட்டும் முறையை செலஸ்ட்ரான் நிறுவனத்தின் கருவிகளில் ஸ்கைஅலைன் என்பார்கள். எந்தப் பிரகாசமான புள்ளியையும் காட்டுங்கள், பெயர் தெரிய வேண்டாம் என்பார்கள். அது உண்மைதான். நீங்கள் காட்டிய மூன்றுக்கும் இடையே உள்ள கோணத்தை மோட்டார் சுற்றிலிருந்து அளந்து, அந்த நேரத்தில் அந்த ஊர் வானத்தில் அப்படி அமைந்த மூன்று எவை என்று ரிமோட் தேடும். எதுவும் பொருந்தவில்லை என்றால் தோல்வி என்று சொல்லும். அதனால் நேரமோ இடமோ தவறாக இருந்தால் நீங்கள் எத்தனை அழகாக மையப்படுத்தினாலும் பொருந்தாது.

நம் மலைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. எதிர்ச்சரிவில் எஸ்டேட் வீட்டு விளக்குகள், மலையுச்சிக் கோபுர விளக்குகள் எல்லாம் மஞ்சு லேசாகப் படர்ந்த நேரத்தில் அசல் விண்மீன் மாதிரியே மினுங்கும். எங்கள் பிள்ளைகள் அப்படி ஒரு விளக்கை மூன்றாவது விண்மீனாகக் காட்டி, அரை மணி நேரம் குழம்பிப்போனார்கள். கையை நேரே நீட்டிப் பிடித்தால் தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டி, இரண்டு முஷ்டி உயரத்துக்குள் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள்.

என் யோசனை, பெயர் தெரிந்த இரண்டு விண்மீன்களை வைத்து அலைன் செய்யும் முறைக்கு மாறிவிடுங்கள். பெயர்கள் புதிதாகக் கற்க வேண்டியவை என்று நினைக்காதீர்கள், வீட்டுப் பஞ்சாங்கத்தில் இருப்பவைதான். ரிமோட்டில் ஆல்டிபரான் என்று வருவது நம் ரோகிணி. பீட்டல்ஜூஸ் திருவாதிரை. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்ட்யூரஸ் சுவாதி. அன்டாரிஸ் கேட்டை. ஆல்டேர் திருவோணம். தெற்கே இருக்கும் கனோபஸ்தான் பெரியவர்கள் அகத்தியர் என்று சொல்லும் விண்மீன். பாட்டி வீட்டில் இருந்தால் பாப்பாவை அவரோடு உட்கார வைத்து இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி ரிமோட்டின் பின்புறம் ஒட்டச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பிள்ளைகள் இந்த எட்டையும் ஒரு வாரத்தில் கண்ணால் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

எந்த இரண்டு என்பதும் முக்கியம். ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி, வெவ்வேறு திசையில் இருக்க வேண்டும். இரண்டும் தலைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. இங்கேதான் நம் ஊர் வானம் வேறுபடுகிறது. வட நாடுகளுக்காக எழுதிய கையேட்டில் துருவ விண்மீனைப் பிடி என்று இருக்கும். நமக்கு அது பதினொரு டிகிரி உயரத்தில், மரத்துக்கும் மஞ்சுக்கும் பின்னால் கிடக்கும். அதை மறந்துவிடுங்கள். அதே காரணத்தால் திருவாதிரை, மகம், திருவோணம் எல்லாம் நமக்கு உச்சந்தலைக்கு அருகே கடக்கின்றன. உச்சியில் குழாய் செங்குத்தாக நிற்கும்போது இந்த வகைத் தாங்கிக்குச் சிரமம். விண்மீன் சிறிது நகர்ந்தாலும் தாங்கி அரை வட்டம் சுற்ற வேண்டிவரும். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் திருவாதிரை கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், அழகான செந்நிறம், எல்லாருக்கும் தெரிந்தது, அதனாலேயே எல்லாரும் அதை எடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் தெற்கே கால்வாசி உயரத்தில் அகத்தியரையும், கிழக்கே மகத்தையும் எடுங்கள். அருமையான ஜோடி. தெற்கே மலை மறைத்தால் அகத்தியருக்குப் பதில் சிரியஸ். ஒரு எச்சரிக்கை: வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ், அடுத்தது அகத்தியர். இரண்டும் தெற்குப் பக்கம், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக 36 டிகிரி இடைவெளியில் நிற்கும். ஒன்றைக் காட்டி மற்றதன் பெயரைச் சொன்னால் அலைன்மென்ட் தோற்கும். கீழே இருப்பதுதான் அகத்தியர்.

மையப்படுத்துவதில் ஒரு பழக்கம் வேண்டும். சிறிய தாங்கிகளின் பற்சக்கரங்களில் கொஞ்சம் தொய்வு இருக்கும். திசை மாற்றி அழுத்தினால் சக்கரம் அந்தத் தொய்வைக் கடந்த பிறகே குழாய் நகரும். அதனால் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி அசைவு எப்போதும் மேல் அம்புக்குறியாலும் வலது அம்புக்குறியாலும் இருக்கட்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் வந்து, மறுபடி மேலும் வலதுமாக அணுகுங்கள். வாங்கிய புதிதில் எந்த மாற்றமும் செய்யாத ரிமோட் பொருளைத் தேடிப் போகும்போது பெரும்பாலும் அந்தத் திசையிலேயே முடிக்கும். உங்களுடையது எந்தத் திசையில் முடிக்கிறது என்று ஒரு முறை கவனித்து அதையே பின்பற்றுங்கள். முதலில் 25 மி.மீ. ஐபீஸில் பிடித்து, பிறகு 9 மி.மீ. போட்டு அதிலும் நடுவில் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அகன்ற ஐபீஸில் நடு மாதிரி தெரிவது அரை டிகிரி தள்ளியும் இருக்கலாம்.

குழாயின்மேல் இருக்கும், குறி பார்க்க உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டரைப் பகலில் சரிசெய்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தேயிலை ஃபேக்டரிப் புகைபோக்கியையோ கைபேசிக் கோபுரத்தின் நுனியையோ ஐபீஸ் நடுவில் வைத்து, புள்ளியை அதன்மேல் கொண்டுவந்தால் முடிந்தது. வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்.

ரிமோட் அணைந்து எரிவதற்கு வருகிறேன். இதுதான் மலையில் இருப்பவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. எட்டுப் பென்சில் செல் சேர்ந்தால் புதிதாக 12 வோல்ட். குளிரில் செல்லின் சக்தி குறையும். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் கிளம்பும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், ரிமோட் அணைந்து மறுபடி எரியும், நீங்கள் கொடுத்த நேரம், அலைன்மென்ட் எல்லாம் போய்விடும். ரீசார்ஜ் செல் போட்டிருந்தால் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், எட்டும் சேர்ந்து 9.6. இன்னும் மோசம். என்னுடைய முதல் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த மூன்று இரவுகளை இப்படித் தொலைத்தேன். மோட்டார் போய்விட்டது என்றே நம்பினேன். பகலில் வீட்டுக்குள் அதே செல்களில் நன்றாக ஓடியபோதுதான் புரிந்தது.

தீர்வு எளியது. வீட்டு யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, அதற்கேற்ற சார்ஜர், தொலைநோக்கிக்குப் பொருந்தும் பின் வைத்த ஒயர், நடுவில் ஒரு ஃபியூஸ். இரண்டு மூன்று இரவு தாராளமாகத் தாங்கும். எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: பெரும்பாலும் பின்னின் நடுமுனை நேர்மின், வெளிப்புறம் எதிர்மின். உங்கள் கருவியின் உடம்பில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே சொருக வேண்டும். மாறினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரிந்துவிடும், அப்போது உண்மையிலேயே திருப்பி அனுப்ப வேண்டிவரும். ஒயர் முக்காலியைச் சுற்றி இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கி சுற்றச் சுற்ற ஒயரும் சுற்றிக்கொள்ளும்.

படக் கலங்கலுக்கு மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, வெதுவெதுப்பான அறையிலிருந்து எடுத்து நேராகக் குளிரில் வைப்பது. கண்ணாடி குளிரும் வரை குழாய்க்குள் காற்று அலையும், வியாழன் நீருக்கடியில் கிடக்கிற மாதிரி நெளியும். முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் தயாராக இருக்கும். இரண்டாவது, பனி. நம் மலையில் ஐபீஸிலும் ஃபைண்டரிலும் முதலில் படியும். துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். ஐபீஸைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் உடல் சூடே போதும். குழாயின் வாயைச் சுற்றிக் கறுப்பு சார்ட் அட்டையை ஒரு முழம் நீளத்துக்குச் சுருட்டிக் கட்டினால் உள்ளே பனி இறங்குவது தாமதமாகும், வீட்டு விளக்கு ஒளியும் தடுபடும்.

மூன்றாவது, கண்ணாடிகள் நேர் விலகியிருப்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பெட்டி அது. ஒரு பிரகாசமான விண்மீனை நடுவில் வைத்து ஃபோகஸை வேண்டுமென்றே கலையுங்கள். விண்மீன் ஒரு வடை மாதிரி விரியும். வடையின் ஓட்டை சரியாக நடுவில் இருந்தால் கண்ணாடி நேராக இருக்கிறது. ஓரமாக ஒதுங்கியிருந்தால் பின்பக்கத்து மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று மட்டும் திருப்பி, விண்மீனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பொறுமையாகச் செய்தால் பத்து நிமிட வேலை. அதோடு முக்காலியைப் புல்லில் வைக்காதீர்கள், பலகைத் தளத்திலும் வேண்டாம். சிமெண்டு வாசலில், கால்களை முழுதாக நீட்டாமல் வையுங்கள். நடுக்கம் பாதியாகும். வாசலைவிட்டுத் தோட்டத்துக்குள் போக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, கோத்தகிரியில் இரவில் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் பாப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பகலில் இந்தத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டதும் அங்கேதான். அதைப் படித்துவிட்டு ஆசை வரும், நல்ல ஆசைதான். ஆனால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும், அதற்கென்றே செய்த சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போய்விடும். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி பெட்டியோடு வந்திருந்தால் தூக்கி எறியுங்கள், வெப்பத்தில் அது வெடிக்கும். ஃபைண்டரைப் பகலில் சரிசெய்யும்போது சூரியனுக்கு எதிர்த்திசையில் உள்ள பொருளையே எடுங்கள்.

பார்ப்பதற்கு நல்ல மாதங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கார்த்திகைக் கூட்டம் 25 மி.மீ. ஐபீஸில் அப்படியே முழுதாக அடங்கும், அதைப் பெரிதாக்கிக் கெடுக்க வேண்டாம். வியாழனின் பட்டைகளுக்கும் சனியின் வளையத்துக்கும் 9 மி.மீ. தரும் 72 மடங்கு போதும். ஏப்ரலில் மேகம் விட்ட இரவில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கூட்டத்தைத் தேடச் சொல்லுங்கள். நமக்கு அது முப்பது டிகிரிக்கு மேல் ஏறும், லண்டனில் இருப்பவர்களுக்கு எழவே எழாது. பிறகு மழைக்காலம். அப்போது கருவியைப் பெட்டிக்குள் பூட்டி மறந்துவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், நீலகிரியில் அது நிச்சயம். நன்றாக உலர்த்தி, மூடிகள் போட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியாக இருக்கட்டும். ரிமோட்டிலும் ஃபைண்டரிலும் செல் இருந்தால் கழற்றிவிடுங்கள், கசிந்து தகட்டை அரித்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு, நல்ல பேட்டரியிலும் "நோ ரெஸ்பான்ஸ் 16" அல்லது "17" போன்ற செய்தி வந்தால், முதலில் ரிமோட் ஒயரைக் கழற்றிச் சுத்தமாகச் சொருகிப் பாருங்கள். செலஸ்ட்ரான் ரிமோட்டுகளில் 16 என்பது பக்கவாட்டு மோட்டார், 17 என்பது மேல்கீழ் மோட்டார். மறுபடியும் அதே எண் வந்தால் எண்ணையும், எந்த நேரத்தில் வந்தது என்பதையும், பேட்டரி வோல்ட்டையும் குறித்துக்கொண்டு, உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்காரரிடம் பேசுங்கள்.